கொம்பு எழுத்தில் தடுமாறும் 6 வயதுக் குழந்தைக்குப் புத்தகம் சொல்லுங்களேன்

‘படம்’, ‘பட்டம்’, ‘மாடு’ எல்லாம் சரளமாக வருகிறது. கொம்பு வந்தால்தான் சிக்கல். எழுத்தில் முன்னால் நிற்கும் குறி ஒலியில் பின்னால் வருகிறதே! ‘கொடி’யைக் ‘கெ-ஆ-டி’ என்று உடைக்கிறாள். ‘கோழி’யைப் படிக்காமல், படத்தைப் பார்த்துச் ‘சேவல்’ என்கிறாள்.

ஸ்டோரிவீவர் என்ற சிறுவர் கதை இணையதளத்தின் முதல் நிலைக் கதைகள் பார்த்தாயிற்று. 250 சொல்லுக்குள் இருந்தாலும், சொல் குறைந்தால் எழுத்தும் எளிதாகிவிடாது.

தேவை: பக்கத்துக்கு ஒரே வரி, 3 அல்லது 4 சொல். ஒற்றைக்கொம்பு முதலில், இரட்டைக்கொம்பு பிறகு; இரண்டும் கலந்து வந்தால் கொ, கோ குழம்பும். ஒரே சொல் நாலைந்து பக்கத்தில் திரும்ப வரணும். எழுத்து பெரிதாக, படத்தின் மேல் ஏறாமல் இருக்கணும். பேச்சுத்தமிழில் இருந்தாலும் சரிதான்.

அட்டைப் படத்தோடு உள்பக்கம் ஒன்றும் போட்டால் நல்லது.