பனிமூட்டத்தைப் பிடிக்கப் படச்சுருளா, டிஜிட்டலா?

கேள்வி (ஹட்டன்):
அப்பா விட்டுச்சென்ற 35 மி.மீ. கமராவில் சுருள் போட்டு, விடியற்காலையில் கொழுந்து பறிக்கச் செல்வோரைப் பனிமூட்டத்தினூடே எடுக்க விரும்புகிறேன். டிஜிட்டலில் மூட்டம் வெறும் வெள்ளையாகிவிடுகிறது. எதை நம்பலாம்?

பதில் (பண்டாரவளை):
நெகட்டிவ் சுருள் கூடுதல் ஒளியைப் பொறுத்துக்கொள்ளும். டிஜிட்டல் சென்சரோ, ஒளி நிரம்பி வழிந்த இடத்தில் எதையும் மீட்டுத் தராது. ஆகவே சுருளில் மூட்டத்தின் ஒளியை அளந்து ஒரு ஸ்டொப் (அதாவது ஒளியை இரு மடங்கு) கூட்டுங்கள். டிஜிட்டலில் ஹிஸ்டோகிராம் (படத்தின் இருள், வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடம்) மிகு வெளிச்சத்தைக் குறிக்கும் வலது விளிம்பில் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் (பொகவந்தலாவை):
சுருளையே தேர்ந்தெடுங்கள் என்பேன். 1879இல் மறைந்து எங்கள் ஊர்த் தேவாலயத்தில் அடக்கமாகியுள்ள ஜூலியா மார்கரெட் கமரூன், இங்கிலாந்தில் ஈரக் கண்ணாடித் தகடுகளில், ஒவ்வொன்றும் காய்வதற்குள் கழுவி எடுத்து, உலகறிந்த உருவப்படங்களைத் தந்தவர். ஆனால் முதலில் லென்ஸினுள் டோர்ச் அடித்துப் பாருங்கள்: இந்த ஈரக்காற்றில் என்னுடையதில் சிலந்தி நூல்போலப் பூஞ்சை படர்ந்திருந்தது.