கோயில் பிள்ளைகள் மனநலக் குழு தொடங்க நினைக்கிறார்கள். எப்படிப் பழக்குவது?

தமிழ் டீச்சர், சாட்ஸ்வொர்த்:
வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். போன ஜனவரியில் என் பழைய மாணவன் ஒருவன் உயிரை மாய்த்துக்கொண்டான். 18 வயது. மெட்ரிக், அதாவது பள்ளி இறுதித் தேர்வு ரிசல்ட் வந்த வாரம் என்பதால் எல்லோரும் அதையே காரணமாகச் சொன்னார்கள். ஆனால் அவன் ஆகஸ்டிலேயே வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டான். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவன் நோட்டு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. ஒரு பக்கம் முழுக்க 'ழ' எழுதிப் பழகியிருக்கிறான், கடைசி இரண்டு வரிதான் நேராக வந்திருக்கிறது.

அவன் கூட்டாளிகள் ஆறு பேர், தங்கள் வயதுப் பிள்ளைகளுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்கிறார்கள். கோயில் கமிட்டியில் பெரியவர்கள், "அந்தப் பேச்சை எடுத்தால் இல்லாத நினைப்பும் வந்துவிடும்" என்கிறார்கள். பிள்ளைகளுக்கும் தப்பாகப் பேசிவிடுவோமோ என்று பயம். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

நர்ஸ் அக்கா, பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
டீச்சர், கேட்பதால் அந்த நினைப்பு வராது. ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. "செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேட்கட்டும். சுற்றி வளைத்தால் எதிரில் இருப்பவரும் மழுப்பிவிடுவார்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்து கொடுக்கக் கூடாது. ஆமாம் என்று பதில் வந்தால் தனியே விடாமல் கூடவே இருந்து, பெரியவர் ஒருவரைக் கூப்பிட வேண்டும். தென்னாப்பிரிக்காவில் மனநல உதவி தரும் சாடாக் (SADAG) அமைப்பின் தற்கொலைத் தடுப்பு எண் 0800 567 567, இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள். சிகிச்சை பிள்ளைகள் வேலை இல்லை, கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அவர்கள் வேலை.

அப்புறம், வீட்டில் மாத்திரை, பூச்சிமருந்தைப் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். சின்ன விஷயம் இல்லை இது. இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்தார்கள், தற்கொலைகள் பாதிக்கும் மேல் குறைந்தன.

தம்பி, பீனிக்ஸ் (டர்பன்):
அக்கா சொன்னது சரி. நாங்கள் ஐந்து பேர் நான்கு மாதமாகச் செய்கிறோம். முதலில் ஹாலில் வட்டமாக நாற்காலி போட்டோம், ஒருவரும் வாய் திறக்கவில்லை. இப்போது ஞாயிறு பூஜைக்கு முன்னால் கோயில் சமையலறையில் உருளைக்கிழங்கு உரிக்கிறோம். கண் கத்தியில் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கிறது. மூன்றாம் வாரம் ஒருவன் கிழங்கைப் பார்த்துக்கொண்டே, "ராத்திரி தூக்கமே இல்லை அண்ணா" என்றான். உரித்துக்கொண்டே கேட்டேன், மறுநாள் அவனோடு கிளினிக் போனேன்.

ஜிம்பாப்வேயில் டிக்ஸன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006இல் தொடங்கிய வேலையையும் பாருங்கள். கிளினிக் வாசல் பெஞ்சில் பயிற்சி பெற்ற பாட்டிமார் உட்கார்ந்து கேட்பார்கள். மனச்சோர்வு என்று பெயர் வைக்காமல், 'அதிகமாக யோசிப்பது' என்ற பொருளில் ஷோனா மக்கள் வீட்டில் சொல்லும் சொல்லையே வைத்துக்கொண்டார்கள். நம் வீட்டில் "மனசு சரியில்லை" என்போமே, அதுவே போதும் டீச்சர்.

கேட்கிற பிள்ளைகளுக்கும் கேட்க ஆள் வேண்டும். நாங்கள் மாதம் ஒருமுறை ஒரு சமூக சேவகியைப் பார்க்கிறோம்.

தமிழ் டீச்சர், சாட்ஸ்வொர்த்:
இரண்டு பேருக்கும் நன்றி. கமிட்டியில் இதைப் படித்துக் காட்டினேன். சமையலறையைப் பார்த்துக்கொள்ளும் அவ்வா, "கத்தி நான் தருகிறேன், வரச் சொல்" என்றார். எண்ணைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டியாயிற்று.

மூன்று வாரமாக ஒரு மாணவி வகுப்புக்கு வரவில்லை. இன்று போன் செய்து, நேராகவே கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள், பிறகு அழுதாள். அவள் அம்மாவுக்கும் தெரியும் இப்போது. வகுப்பு முடிந்ததும் அவள் வீட்டுக்குக் கிளம்புகிறேன்.