ஆடியில் நோட்டீஸ், ஆவணியில் கல்யாணம்

குழு: தாத்தா வீடு

கவிதா: எல்லோருக்கும் வணக்கம். அம்மா சொல்லியிருப்பார்கள். நானும் ஆல்பர்ட்டும் மண்டபம், மேளம் எதுவும் இல்லாமல் கோயம்புத்தூரிலேயே ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று இருக்கிறோம். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து இருபது பேர். ஆவணியில் வைத்துக்கொள்ளலாமா? பெரியப்பா, ஆபீஸுக்கு எத்தனை நாள் முன்னால் போக வேண்டும்?

மணி மாமா: ஒரு நாள் போதும்மா. எனக்குத் தெரிந்த புரோக்கர் இருக்கிறார். காலையில் கோயிலில் தாலி, மதியம் சர்டிபிகேட் கையில்.

பெரியப்பா: மணி, அந்த ஆள் பக்கமே போகாதே.

மணி மாமா: ஏன் அண்ணாச்சி? நம்ம பக்கத்து வீட்டுப் பையனுக்கு அப்படித்தானே முடித்தார்கள்.

பிரபு: பெரியப்பா டைப்பிங்... டைப்பிங்... எல்லோரும் காபி குடித்துவிட்டு வாருங்கள்.

பெரியப்பா: அந்தப் பையனும் பெண்ணும் இரண்டு பேருமே இந்து. கோயிலில் தாலி கட்டினார்கள், அதை இந்து திருமணச் சட்டப்படி பதிந்தார்கள். அங்கே கல்யாணம் முதலில், பதிவு பிறகு. ஆல்பர்ட் கிறிஸ்தவர். அந்தச் சட்டம் அவருக்குப் பொருந்தாது. புரோக்கர் என்ன செய்வார் தெரியுமா? பையன் மதம் மாறினதாக ஒரு காகிதம் தயார் செய்வார். நாளைக்கு விசா ஆபீஸில் ஒரு கேள்வி கேட்டால் யார் பதில் சொல்வது?

மணி மாமா: சரி, அப்போ மாலை மட்டும் மாற்றி சுயமரியாதைக் கல்யாணம்?

பெரியப்பா: எனக்கும் உங்கள் அக்காவுக்கும் நடந்தது அதுதான். ஐயர் இல்லை, அக்னி இல்லை. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967-இல் கொண்டுவந்த 7ஏ பிரிவு. மாலை மாற்றினாலோ, மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ போதும். ஆனால் அதுவும் இந்து திருமணச் சட்டத்துக்குள்தான் வருகிறது. இரண்டு பேரும் இந்துவாக இருக்க வேண்டும்.

செல்வி அத்தை: சர்ச்சில் வைத்தால்?

பெரியப்பா: 1872-ஆம் வருஷத்து கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே செல்லும்.

கவிதா: ஆல்பர்ட் அம்மாவும் கேட்டார்கள் அத்தை. அங்கே போனால் எனக்கு ஞானஸ்நானம் பற்றிப் பேச்சு வருகிறது. யாரும் மாற வேண்டாம் என்று நாங்கள் முதலிலேயே பேசிவிட்டோம்.

பெரியப்பா: அப்படியென்றால் 1954 சிறப்புத் திருமணச் சட்டம்தான் உங்களுக்கு. இதில் முறை தலைகீழ். கல்யாணம் செய்யப் போகிறோம் என்று ஆபீஸில் எழுதிக் கொடுக்கும் நோட்டீஸ் முதலில், கல்யாணம் பிறகு. உங்களில் ஒருவராவது நோட்டீஸ் கொடுக்கும் மாவட்டத்தில் 30 நாளாவது குடியிருந்திருக்க வேண்டும். நீ அங்கே வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது, சிக்கல் இல்லை. நோட்டீஸை ஆபீஸ் போர்டில் ஒட்டுவார்கள். ஒட்டியதிலிருந்து 30 நாள். யாரும் ஆட்சேபிக்கவில்லை என்றால் அதன் பிறகு கல்யாணம். நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்துக்குள் முடிக்காவிட்டால் மறுபடி புது நோட்டீஸ்.

பிரபு: ஆவணி ஆகஸ்ட் 17 வாக்கில் பிறக்கிறது. அப்படியானால் நோட்டீஸ் ஆடி முதல் வாரம்!

செல்வி அத்தை: ஐயோ, ஆடியிலா? கல்யாணக் காரியத்தை ஆடியில் தொடங்குவதா? அண்ணா, ஆனியிலேயே கொடுத்துவிடலாமே.

பெரியப்பா: தாராளமாகக் கொடுக்கலாம். மூன்று மாதக் கணக்கு மட்டும் இடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கவிதா: ஆனியில் எனக்கு லீவு கிடையாது அத்தை.

செல்வி அத்தை: போர்டில் ஒட்டுவது நம் ஊருக்குத் தெரியாதே?

பெரியப்பா: தெரியும். கவிதாவின் நிரந்தர முகவரி அருப்புக்கோட்டைதானே? நிரந்தர முகவரி வேறு மாவட்டமாக இருந்தால் நோட்டீஸின் நகல் அங்கேயும் போகும், அந்த போர்டிலும் ஒட்டுவார்கள். அந்த ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து பத்திரம் எழுதியவன் நான். போர்டை ஒருத்தரும் நின்று படிக்க மாட்டார்கள். ஆனால் படிக்க வேண்டும் என்று நினைப்பவர் படிப்பார்.

செல்வி அத்தை: அதைத்தான் பயப்படுகிறேன். எவனாவது போய் எழுதிக் கொடுத்துவிட்டால்?

பெரியப்பா: என்ன எழுதுவான்? சாதி வேறு, மதம் வேறு, பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை என்பதெல்லாம் அங்கே செல்லாது. ஏற்கெனவே கணவனோ மனைவியோ இருக்கிறார், ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 ஆகவில்லை, மணக்கக் கூடாத உறவு, மனநிலை சரியில்லை. இப்படிச் சட்டத்தில் உள்ள காரணமாக இருக்க வேண்டும். அதையும் அதிகாரி 30 நாளுக்குள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும்.

அம்மா: ஊருக்குத் தெரிந்தால் தெரியட்டும் செல்வி. நான் பார்த்துச் சம்மதித்த கல்யாணம். இவள் ஒன்றும் ஓடிப்போகவில்லை.

செல்வி அத்தை: நான் அப்படிச் சொல்லவில்லை அண்ணி.

அம்மா: தெரியும். நீ ஆடிக்குப் பயப்படுகிறாய். நோட்டீஸ் வெறும் காகிதம்தான். தாலி ஆவணியில்தானே.

மணி மாமா: கேட்கிறேன் என்று தப்பாக நினைக்க வேண்டாம். இந்தச் சட்டத்தில் கட்டினால் பூர்வீகச் சொத்து என்ன ஆகும்?

பிரபு: மாமா, காலையிலேயேவா?

பெரியப்பா: கேட்க வேண்டியதுதான், பிரபு. வேறு மதத்தவரை இந்தச் சட்டத்தில் மணந்தால் கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்ததாகக் கணக்கு. அவள் பங்கு போகாது. நாளைக்கு இவர்கள் சம்பாதிக்கும் சொத்துக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம் வரும், அவ்வளவுதான்.

கவிதா: பெரியப்பா, நான் தாலி கட்டிக்கொள்ளலாமா? அம்மாவுக்கு ஆசை.

பெரியப்பா: எந்த முறையில் வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் அதிகாரி முன்னால், மூன்று சாட்சிகள் முன்னால், “நான் உன்னை என் சட்டப்படியான கணவனாக ஏற்கிறேன்” என்று நீ வாயால் சொல்ல வேண்டும். அவரும் அப்படியே. அதைச் சொல்லாவிட்டால் தாலி கட்டியும் கல்யாணம் முழுமை ஆகாது. தமிழிலேயே சொல்லலாம்.

பிரபு: அக்கா சொல்லிவிடுவாள். அத்தான்தான் திக்குவார்.

பெரியப்பா: இரண்டு பேரும் வயதுச் சான்றும் முகவரிச் சான்றும் எனக்கு அனுப்புங்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஆதார், போட்டோ. ஆதாரிலும் மார்க் ஷீட்டிலும் பெயரின் எழுத்து ஒன்றாக இருக்கிறதா பார். இனிஷியல் ஒரு இடத்தில் முன்னால், ஒரு இடத்தில் பின்னால் இருந்தால் இப்போதே சரிசெய்ய வேண்டும். அதில்தான் பாதிப் பேர் அலைவார்கள்.

கவிதா: ஆல்பர்ட் ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது, மார்க் ஷீட்டில் இனிஷியல் மட்டும்.

பெரியப்பா: அனுப்பு, பார்க்கிறேன். சாட்சிக்கு அந்தப் பக்கம் ஒருவர். நம் பக்கம் நானும் இன்னொருவரும்.

மணி மாமா: தாய்மாமன் நான் இருக்கும்போது யோசனை என்ன? ஆதார் அனுப்பிவிட்டேன்.

பிரபு: மாமா, நீங்கள் அனுப்பியது கேஸ் பில்.