டேகேர் அட்மிஷன், தடுப்பூசி கார்டுல தேதி அழிஞ்சிருக்கு, யாராவது வழி சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். பொண்ணுக்கு ரெண்டரை வயசு, அடுத்த மாசம் டேகேர்ல சேக்கணும், ஃபார்ம்ல போலியோ, எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூணுக்கும் சேத்து போடுற ஊசி), சின்னம்மைன்னு ஒவ்வொரு ஊசிக்கும் போட்ட தேதி கேக்குறாங்க, ஆனா வீடு மாத்தும்போது கார்டுல தண்ணி பட்டு எம்எம்ஆர் கட்டத்துல டாக்டர் சீல் மட்டும்தான் தெரியுது, தேதி சுத்தமா கலைஞ்சு போச்சு. தேதி இல்லாம சேத்துக்க முடியாதாம். அதுவும் நியாயம்தான், அங்க எம்எம்ஆர் போடுற வயசே வராத கைக்குழந்தைங்க இருக்கு, தட்டம்மை கிருமி ஒரு ரூம் காத்துல 2 மணி நேரம் வரைக்கும் இருக்கும், அதுங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா மனசு தாங்காது.

பழைய கிளினிக்ல ரெக்கார்டு கேட்டிருக்கேன், இன்னும் பதில் இல்ல. ரத்தத்துல ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்துக் குடுத்தா ஒத்துக்குவாங்களா, இல்ல இன்னொரு டோஸ் போட்டுடலாமா? ஏற்கனவே போட்டிருந்தாலும் திரும்ப போடுறதுல ஆபத்து இல்லதான். சின்னம்மை ஊசியும் பாக்கி இருக்கு, இது ரெண்டையும் ஒரே நாள்ல போடணும், இல்லன்னா 4 வாரம் இடைவெளி விடணும், அதுக்குள்ள அட்மிஷன் தேதி போயிடும். பாக்கி ஊசிக்கு டாக்டர் தேதி எழுதிக் குடுத்தா அதை வச்சு தற்காலிகமா சேத்துக்கிட்டாங்களா உங்க யாருக்காவது? லெட்டர்ல என்னென்ன எழுதி வாங்கணும்னு கொஞ்சம் சொல்லுங்க ப்ளீஸ்.