டைமர்-1 ஒன்றுதான், அதற்கு இரண்டு வேலை: உதவுங்கள்

நண்பர்களே, வணக்கம். நான் குடியாத்தம். அப்பாவின் நாட்டுக்கோழி முட்டைகளுக்காக ஆர்டுயினோ ஊனோ என்ற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் ஒரு இன்குபேட்டர் (அடைகாக்கும் பெட்டி) செய்கிறேன். உள்ளே 37.5 டிகிரி சீராக இருக்க, 12 வோல்ட் ஃபேனை மாஸ்ஃபெட் (சுவிட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) வழியாக 9-ஆம் பின்னில் பிடபிள்யூஎம் முறையில், அதாவது வேகமாக ஆன்-ஆஃப் செய்து, ஓட்டினேன். வழக்கமான 490 ஹெர்ட்ஸில் ராத்திரி முழுக்க ஒரே ரீங்காரம், வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. அந்த ஆன்-ஆஃப் வேகத்தைத் தீர்மானிக்கும் டைமர்-1-ஐ ஃபேஸ் கரெக்ட் முறையில் (மேலே எண்ணி, திரும்பக் கீழே எண்ணுவது), ப்ரீஸ்கேலர் (கடிகார வேகத்தை வகுத்துக் குறைப்பது) இல்லாமல், ஐசிஆர்1 (எண்ணிக்கையின் உச்சம்) = 400 என்று வைத்தேன். போர்டின் 16 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்துக்கு அது 20 கிலோஹெர்ட்ஸ். சத்தம் அடியோடு நின்றது, அவ்வளவு சந்தோஷம்!

அப்புறம் முட்டை திருப்ப ஒரு செர்வோவுக்காக (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் மோட்டார்) செர்வோ லைப்ரரியைச் சேர்த்தேன். ஃபேன் நின்றுவிட்டது. செர்வோவும் டைமர்-1-ஐத்தான் எடுத்துக்கொள்கிறது, அதனால் 9, 10 பின்களில் பிடபிள்யூஎம் போய்விடுகிறது.

ஃபேனை டைமர்-2-க்கு, 3-ஆம் பின்னுக்கு மாற்றலாமா? ப்ரீஸ்கேலர் 8, ஓசிஆர்2ஏ (இங்கே இதுதான் எண்ணிக்கையின் உச்சம்) = 50 என்றால் அதே 20 கிலோஹெர்ட்ஸ் கிடைக்கும், ஆனால் வேகத்துக்கு 50 படிகள்தான். வெப்பத்தைச் சீராக வைக்க அது போதுமா? இல்லை, லைப்ரரியை விட்டுவிட்டு செர்வோ பல்ஸை நானே எழுதுவது நல்லதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். பதினெட்டு நாள் முட்டையைத் திருப்பியாக வேண்டும், அடுத்த வாரம் அடை வைக்கிறோம்.