பட்டாலைச் சுவரும் ஆத்தங்குடிக் கல்லும் மங்கிப்போச்சு, வார்னிஷ் அடிக்கலாமா?

(கேட்பவர் பள்ளத்தூர் வீட்டுக்காரர். பதில் சொல்பவர்கள் சுண்ணாம்பு வேலைக்காரரும் பூக்கல் வேலைக்காரரும்.)

பள்ளத்தூர் வீடு: பட்டாலையில், அதாவது கூடத்தில், பழைய முட்டைப் பூச்சு (முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு). மேலே கண்ணாடி மாதிரி மினுங்குது. கீழே இரண்டடி உயரத்துக்கு மங்கல், தொட்டால் கையில் வெள்ளையா ஒட்டுது. முற்றத்து ஓரத்தில் தரையில் பதிச்ச ஆத்தங்குடிப் பூக்கல்லும் பொலிவு போச்சு. தண்ணி தெளிச்சா நிறம் எடுப்பா வருது, காய்ஞ்சதும் பழையபடி. ஆசிட் ஊத்திக் கழுவியிருக்காங்க. வார்னிஷ் போட்டா சரியாகுமா?

சுண்ணாம்பு வேலை: வார்னிஷ் வேண்டாம். சுவர் மினுங்குவது முட்டையால் மட்டும் இல்லை. கடைசிப் பூச்சு அரை ஈரத்தில் இருக்கும்போதே வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துக் குழிகளை அடைத்திருப்பார்கள். பிறகு சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மறுபடி கல்லாகிவிடும். மேடுபள்ளம் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருந்தால்தான் ஒளி சிதறாமல் ஒரே திசையில் திரும்பும். நேரே விழும் ஒளியில் அப்படித் திரும்புவது சுமார் 5 சதவீதம்தான். சாய்வாக விழுந்தால் வெகுவாகக் கூடும். கன்னத்தைச் சுவரோடு ஒட்டிப் பாருங்கள், தூரத்து நிலைக்கதவே அதில் தெரியும்.

கீழே ஒட்டுவது உப்பு. தரை ஈரம் ஏறிக் காயும்போது பூச்சைத் தள்ளிக்கொண்டு வெளியே வருது. ஈரத்துணி போட்டால் உப்பு கரைந்து உள்ளேயே போகும். உலர்ந்த மென்பிரஷால் தட்டி எடுங்கள். வார்னிஷோ எமல்ஷனோ அடித்தால் ஈரம் உள்ளே அடைபட்டுப் பூச்சு பொருக்குப் பொருக்காக உரியும். ஈரம் நின்ற பிறகு, உதிர்ந்த இடத்தில் மட்டும் ஊறிய சுண்ணாம்பு விழுதை மெல்லிசாக இழுத்து மெருகிட வேண்டும். காய்ந்த பழைய பூச்சை எவ்வளவு தேய்த்தாலும் மெருகு ஏறாது.

பூக்கல்: கல்லைப் பற்றிய பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கு. ஆத்தங்குடிக் கல் சூளை பார்க்காதது. கண்ணாடித் தகட்டின் மேல் நிறக்கலவையை ஊற்றி, அதன் மேல் உலர்ந்த சிமெண்ட் மணல், பிறகு ஈரக்கலவை. அந்த மினுக்கம் கண்ணாடியின் நகல். ஆசிட் சிமெண்டை அரித்துக் குழி போட்டிருக்கு. தண்ணீர் குழியை நிரப்புவதால் நிறம் வருது, அதனால் நிறம் போகவில்லை என்று நம்பலாம்.

ஒரு மூலைக் கல்லில் முதலில் சோதியுங்கள். வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்; நம்பர் கூடக்கூட நைஸ்) 400, 800, 1500 என்று வரிசையாக, தண்ணீர் விட்டுக்கொண்டே தேய்க்கணும். நம்பரைத் தாண்டினால் முந்தைய கீறல் நிற்கும். இருட்டில் டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடித்தால் கீறல் கோடுகோடாகத் தெரியும். சொரசொரப்பான 100ஆம் நம்பரைத் தொடவே கூடாது.

பள்ளத்தூர் வீடு: தேங்காய் எண்ணெய் தேய்க்கச் சொல்றாங்களே அண்ணே?

பூக்கல்: தேய்க்கலாம், ஆனால் இரண்டு நாள் நன்றாகக் காய்ந்த பிறகு. பத்துக் கல்லுக்கு அரைத் தேக்கரண்டி, பத்து நிமிஷத்தில் உலர்ந்த துணியால் வழித்துவிடணும். கூடினால் பிசுபிசுத்து, முற்றத்துத் தூசி எல்லாம் அதில்தான் படியும்.

சுண்ணாம்பு வேலை: அந்த எண்ணெய்த் துணி சுவரில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பில் ஏறிய கறை லேசில் போகாது.