பொருள்: மாடலின் போஸை மாற்றுவதற்குத் தமிழ்ச்சொல் (நாளை மாலை அச்சுக்கு)

பெரம்பூரிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். எங்கள் தெருவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கோடை வகுப்பு எடுக்கிறேன். இடுப்பில் கை வைத்து நிற்கும் பிளாஸ்டிக் சூப்பர்மேனைப் பறக்கவைக்கப் போகிறோம். தோளையும் இடுப்பையும் சின்ன ரம்பத்தால் அறுக்கணும். துளை போட்டுக் கம்பி செருகி, வேண்டிய கோணத்துக்கு வளைத்து, இடைவெளியை எம்சீலால் அடைத்து, இறுகியபின் உப்புத்தாள் போடணும். இத்தனைக்கும் சேர்த்து ஒரு சொல் வேண்டும். கையேட்டில் இப்போதைக்கு 'நிலைமாற்றம்' என்று வைத்திருக்கிறேன்.

ராயபுரத்திலிருந்து:

அது வேண்டாம் அம்மா. அப்பா தச்சர், எங்கள் பட்டறையில் நிலை என்றால் வாசல் நிலைதான். அதைவிட, பனிக்கட்டி நீராவதையும் பிள்ளைகள் நிலைமாற்றம் என்றே படிக்கிறார்கள். மாடலை உருக்கி வளைக்கணும் என்று நினைத்துவிட்டால்? மாடல் செய்யும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால்தான் இளகும். வெந்நீரில் முக்கிப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொள்ளப் போகிறார்கள்.

திருவொற்றியூரிலிருந்து:

'கோலம்' இருக்க வேறு சொல் எதற்கு? நின்ற, இருந்த, கிடந்த திருக்கோலம் என்று பெருமாள் கோயிலில் தினமும் சொல்கிறோம். திருநீர்மலையில் நடந்த கோலமும் உண்டு. ஆக 'கோலமாற்று'. கூடவே ஒன்று. அறுத்த இடத்தைச் சேர்ப்பதற்கு 'ஒட்டு' என்கிறோமே, அது 'ஒற்று' என்பதன் திரிபு என்பது என் நெடுநாள் எண்ணம். எங்கள் ஊர்ப் பெயரிலும் அந்த ஒற்றுதான்.

வியாசர்பாடியிலிருந்து:

ஐயா, காற்று காத்தாகிறது, நேற்று நேத்தாகிறது. அப்படியானால் ஒற்று ஒத்து ஆகுமே தவிர ஒட்டு ஆகாது. ஊர்ப் பெயரில் உள்ளது 'ஒற்றி', அதற்கு அடமானம் என்றும் ஒரு பொருள் உண்டு. இரண்டும் வேறு. கோலமும் வகுப்பில் நிற்காது. கோலம் மாற்று என்றால் பிள்ளைகள் வாசலில் புள்ளி வைப்பார்கள். 'தோரணை மாற்று' என்று போடுங்கள். "என்னா தோரணையா நிக்கிறான் பாரு" என்று எங்கள் தெருவில் நண்டுசிண்டு கூடச் சொல்லும்.

திருவொற்றியூரிலிருந்து:

தம்பி, ஒற்று விஷயத்தை யோசிக்கிறேன். ஆனால் தோரணை என்பது மிடுக்கு, ஒருவர் நடந்துகொள்ளும் விதம். கை எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை அது சொல்லாது. சரி, கோலம் வேண்டாம். நில் என்ற வேரிலிருந்து 'நிற்பு' ஆக்கலாமே. கல், கற்பு போல. 'மறுநிற்பு'.

ராயபுரத்திலிருந்து:

பறப்பவனுக்கு எப்படி ஐயா நிற்பு?

பெரம்பூரிலிருந்து:

அச்சகத்தில் இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். காலையில் நான்கு பிள்ளைகளிடம் எல்லாச் சொல்லையும் சொல்லிப் பார்த்தேன். 'தோரணை மாற்று' என்றதும் ஒருவன் எழுந்து ஒரு கையை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றான். மற்ற சொற்களுக்கு அர்த்தம் கேட்டார்கள். அதையே போட்டுவிட்டேன். மறுப்புள்ளவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருவொற்றியூரிலிருந்து:

அச்சாகட்டும் அம்மா. ஆனால் அந்தப் பையன் காட்டியது கோலம்தான். அடுத்த பதிப்புக்கு மறுபடி எழுதுவேன்.